பாட்டில் வாழும் காடு

நுழையும்முன்

மழைக்கு முன்பே மழையை அறிவிக்கும் உயிர்கள் உண்டு. அவற்றின் குரலைக் கேட்டுப் பழகியவர்கள் நம் முன்னோர். அந்தக் குரல்கள் சில இடங்களில் குறைந்து வருகின்றன. இளைஞர்கள் சிலர் அவற்றைப் பாட்டாக்கி ஊரறியச் செய்துள்ளனர். அத்தகைய பாட்டுகளையும் அவை பிறந்த இடங்களையும் இப்பாடத்தில் காண்போம்.

மலைமுகட்டில் ஓர் ஊர்

மாணவர்களே! கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் சந்திக்கும் மலைமுகட்டில் இருக்கிறது கம்பம்மெட்டு. கிழக்கே நின்று பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் கீழே விரிந்து கிடக்கும். மேற்கே திரும்பினால் ஏலத்தோட்டங்களின் நிழல்மரங்கள் அடர்ந்து நிற்கும். பொழுது விடிவதற்குள் கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும். ஏலக்காய் எடுக்கும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். மாலையில் அதே வளைவுகளில் இறங்கிச் செல்வார்கள். சிலர் மேலேயே தங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். அவர்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசி வளர்கிறார்கள். இப்பாடத்தைப் படிக்கும் உங்களில் பலருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த ஊரின் ஒலிகள் எவை? சோதனைச் சாவடியில் நிற்கும் லாரிகளின் உறுமல், மலைக்காற்றின் இரைச்சல், நிழல்மரங்களில் சிள்வண்டுகளின் இடைவிடாத ஒலி. கோடையின் கடைசியில், முதல் பெருமழை மண்ணை நனைத்த இரவில், மற்றோர் ஒலியும் இம்மலைகளில் எழும். அது நிலத்துக்கு அடியிலிருந்து வரும்.

மண்ணுக்குள் ஒரு பாடகன்

கம்பம்மெட்டிலிருந்து வெகுதொலைவில் இல்லாத கட்டப்பனையில், ஓர் ஏலத்தோட்டத்தை ஒட்டிய காட்டில் கிடைத்த ஒரு தவளையை, 2003ஆம் ஆண்டு எஸ்.டி. பிஜுவும் பிராங்கி போசுயிட்டும் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தனர். ஊதிய உடல், சிறிய தலை, பன்றியின் மூக்கைப் போன்ற கூரிய முகம், கருஞ்சாந்து பூசியது போன்ற ஊதா நிறம். 'நாசிகபத்ராகஸ் சகியாத்ரென்சிஸ்' என்பது அதற்கு இட்ட பெயர். சகியாத்திரி என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்றொரு பெயர்.

அறிவியலாளர்கள் வியந்ததற்குக் காரணம் அதன் வடிவம் மட்டுமன்று. அதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியாவில் எங்கும் இல்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள செய்செல்ஸ் தீவுகளில் இருக்கின்றன! இந்திய நிலமும் அத்தீவுகளும் ஒன்றாய் ஒட்டியிருந்த தொல்பழங்காலத்தில் ஒரே குடும்பமாய் வாழ்ந்தவை, நிலம் பிளந்து விலகியபோது பிரிந்தன. ஒரு கூட்டம் தீவில் தங்கியது. மற்றொன்று நிலத்தோடு பயணம் செய்து நம் மலைக்கு வந்தது. இடம் பெயர்ந்தோர் என்று பார்த்தால் நம் எல்லோருக்கும் மூத்தது இத்தவளைதான்.

ஆண்டு முழுவதும் இது மண்ணுக்குள் வாழ்கிறது, கறையானைத் தின்கிறது. பருவமழையை ஒட்டிய சில நாள்கள் மட்டுமே இணை தேடி வெளியே வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஓணத்துக்கு வருகை தரும் மாவேலி மன்னரை நினைத்துக் கேரள மக்கள் இதை 'மாவேலித் தவளை' என்று அழைக்கிறார்கள். 'பாதாளத் தவளை' என்னும் பெயரும் உண்டு. ஆண் தவளை மண்ணுக்குள் இருந்தபடியே கூவிப் பெண்ணை அழைக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் தலைப்பிரட்டைகள் வேகமாய்ப் பாயும் ஓடைகளில், வாயை உறிஞ்சியாக்கிப் பாறைகளைப் பற்றிக்கொண்டு வளரும்.

இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்தது இதன் பின்பகுதி. 2017ஆம் ஆண்டு, மலையின் கிழக்குச் சரிவில் திருவில்லிபுத்தூர் அருகே இதே பேரினத்தைச் சேர்ந்த இரண்டாவது தவளை இருப்பதாக அறிவிக்கப்பட்டது. ஊர்வனவற்றையும் நீர்நில வாழ்வனவற்றையும் ஆராய்ந்து மறைந்த சுப்பிரமணியம் பூபதியின் பெயர் அதற்கு இடப்பட்டது. மேற்குச் சரிவில் வாழ்வது தென்மேற்குப் பருவமழையில் இணை சேரும். கிழக்குச் சரிவில் வாழ்வது வடகிழக்குப் பருவமழையில் இணை சேரும். இரண்டின் கூவலும் வேறுவேறு. ஒரே மலையின் இருபுறமும் இரு மழைகள், இரு பாட்டுகள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். மழை வரும் நாளை நம்பியே வாழும் உயிர் இது. மழை தாழ்ந்தாலோ, ஒரே நாளில் பேய்மழையாய்க் கொட்டிவிட்டு நின்றாலோ இதன் நிலை என்ன? பருவநிலை மாற்றம் என்னும் சொல்லைச் செய்தித்தாளில் படிக்கிறோம். ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் உங்கள் பெற்றோருக்கு அச்சொல் தேவையில்லை. 2024ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கி மலையில் ஏலச்செடிகள் தோட்டம் தோட்டமாய்க் கருகியதை அவர்கள் கண்டிருப்பார்கள். செடி கருகினால் வேலை இல்லை. வேலை இல்லையெனில் ஜீப்பும் மலையேறாது.

நிலத்துக்கு ஓர் இசை

காட்டையும் இசையையும் இணைப்பது புதிதன்று. சங்க இலக்கியம் நிலத்தை ஐந்தாகப் பகுத்தது. ஒவ்வொரு நிலத்துக்கும் அங்கு வாழும் விலங்கையும் பறவையையும் மரத்தையும் பூவையும் கருப்பொருளாகச் சொன்னது. அதே வரிசையில் பறையையும் யாழையும் பண்ணையும் சேர்த்தது. மலையும் மலைசார்ந்த இடமுமான குறிஞ்சிக்குப் புலியும் யானையும் கரடியும் விலங்குகள். கிளியும் மயிலும் பறவைகள். தொண்டகம் அதன் பறை. குறிஞ்சி யாழ் அதன் யாழ். புலியும் பறையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றதைக் கவனியுங்கள். நிலம் மாறினால் இசையும் மாறும் என்று அறிந்தவர்கள் அவர்கள்.

பழைய இசைநூல்கள் ஏழு சுரங்களையும் உயிர்களின் குரல்களோடு ஒப்பிட்டன. சட்சமம் மயிலின் அகவல். பஞ்சமம் குயிலின் கூவல். நிடாதம் யானையின் பிளிறல். இசையறியும் விலங்கு என்று 'அசுணமா' என்றொன்றைச் சங்கப் புலவர்கள் பாடினர். யாழோசையில் மயங்கி நிற்கும் அவ்விலங்கு, பறையின் வல்லோசை கேட்டால் உயிர் விடுமாம். அது எந்த விலங்கு என்று இன்று யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் பாட்டில் தங்கியிருக்கிறது.

மரக்கவிகள்

இனி, பாலக்காட்டுக்குச் செல்வோம். அம்மாவட்டத்தில் குந்திப்புழை என்னும் ஆறு பாயும் மழைக்காடு 'அமைதிப் பள்ளத்தாக்கு'. அங்கே சிள்வண்டுகளின் ஒலி இல்லாததால் ஆங்கிலேயர் அவ்வாறு பெயரிட்டனர் என்பர். மக்கள் வழக்கில் அது சைரந்திரி வனம்.

அக்காட்டில் சோலைமந்தி வாழ்கிறது. கறுத்த உடல், முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். அதனால் சிங்கவால் குரங்கு என்றும் பெயர் பெற்றது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் அது இல்லை. நிலத்தில் இறங்க விரும்பாமல் மரத்தின் உச்சியிலேயே வாழும் விலங்கு. வெடிப்பலா போன்ற மரங்களின் கனிகளும் பூக்களும் அதற்கு உணவு. மரங்கள் தொடர்ந்து நின்றால்தான் அது கிளைவிட்டுக் கிளை தாவிச் செல்ல முடியும். இடையில் காடு அறுபட்டால் அங்கேயே அதன் உலகம் முடிந்துவிடும்.

1970களில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கக் கேரள மின்வாரியம் திட்டமிட்டது. ஏறத்தாழ 8 சதுர கிலோமீட்டர் காடு நீரில் மூழ்கும் நிலை. மலபாருக்கு மின்சாரம் தேவை என்பதும் உண்மையே. ஆகவே எதிர்த்தவர்களைப் பலர் 'வளர்ச்சிக்குத் தடை' என்றனர். 'குரங்குக்காக விளக்கை அணைப்பதா?' என்ற கேள்வி எழுந்தது. எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அன்று அது.

இதற்கு மறுமொழி சொன்னவர்கள் இரு வகையினர். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து என்னும் மக்கள் அறிவியல் இயக்கத்தினர் காட்டின் மதிப்பையும் திட்டத்தின் பயனையும் கணக்கிட்டு நூல் வெளியிட்டனர். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் காட்டின் அருமையைக் கட்டுரையாக எழுதினார். பறவையியலார் சாலிம் அலி காட்டுக்காகக் குரல் கொடுத்தார். இவர்கள் அறிவுக்குப் பேசினர். கவிஞர்கள் நெஞ்சுக்குப் பேசினர். சுகதகுமாரி மரத்தைப் போற்றி எழுதிய மலையாளக் கவிதை அப்போராட்டக் கூட்டங்களில் தொடக்கப் பாட்டாக ஒலித்தது. வழக்கமாகக் கடவுள் வாழ்த்துப் பாடும் இடத்தில் மரத்துக்கு வாழ்த்து! ஓ.என்.வி. குறுப்பு, அய்யப்பப் பணிக்கர் முதலிய கவிஞர்களும் ஊர் ஊராகச் சென்று பாடினர். ஏளனம் செய்தோர் இவர்களுக்கு 'மரக்கவிகள்' என்று பெயர் சூட்டினர். இவர்கள் அந்தப் பெயரை வெறுக்கவில்லை.

1980ஆம் ஆண்டு பரிஷத்து 'சாஸ்திர கலா ஜாதா' என்னும் கலைப்பயணத்தைத் தொடங்கியது. ஆசிரியர்களும் இளைஞர்களும் குழுவாய்ச் சேர்ந்து தெருமுனைகளிலும் பள்ளித் திடல்களிலும் பாடி ஆடி நடித்து அறிவியலை மக்களிடம் எடுத்துச் சென்றனர். மேடையும் திரையும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பாட்டும் உடுக்கும் போதும்.

இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாட்டு மட்டுமே காட்டைக் காப்பாற்றியது என்று சொன்னால் அது மிகை. ஆய்வாளரின் கணக்கும் வழக்கறிஞரின் வாதமும் அன்றைய இந்தியப் பிரதமரின் முடிவும் சேர்ந்தே காப்பாற்றின. ஆனால் ஒருமுறைகூட அக்காட்டைக் காணாத பல்லாயிரம் மக்கள் அதைத் தம்முடையதாக எண்ணினார்களே, அதைச் செய்தது பாட்டு.

நம் பள்ளத்தாக்கிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே பாட்டுப் பாடி வாக்குக் கேட்டவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். பதினான்கு வயதில் அவருடைய இசைக்குழுவில் சேர்ந்த தம்பி ராசையா, பின்னாளில் உலகறிந்த இளையராஜா. அது அரசியல் பாட்டு, காட்டைப் பற்றியதன்று. ஆயினும், மலைத்தோட்ட மக்களிடம் செய்தியைக் கொண்டு செல்லப் பாட்டே நேரான வழி என்பதை அக்குழுவினர் அறிந்திருந்தனர்.

இன்றைய இளைஞர்களின் பாட்டு

2015ஆம் ஆண்டு சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்னும் இளம்பெண் ஒரு 'ராப்' பாட்டை இணையத்தில் வெளியிட்டார். புகழ்பெற்ற அமெரிக்கப் பாட்டு ஒன்றின் மெட்டில், கொடைக்கானலின் கதையைச் சொன்னது அது. அங்கே 2001ஆம் ஆண்டு மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து பாதரசம் மண்ணிலும் சோலைக்காட்டிலும் கலந்திருந்தது. வேலை செய்தவர்கள் நோயுற்றதாகக் கூறி ஆண்டுக்கணக்கில் போராடிக் கொண்டிருந்தார்கள். சில நாள்களில் பல இலட்சம் பேர் அப்பாட்டைக் கேட்டனர். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. ஆனால் மண் தூய்மையாகிவிட்டதா? இல்லை. எந்த அளவுக்கு அதைத் தூய்மை செய்ய வேண்டும் என்ற வழக்கு நீண்டது. ஆகவே 2018இல் இரண்டாவது பாட்டு வந்தது. இம்முறை கர்நாடக இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து பாடினார். முதற்பாட்டின் சிரிப்பு இரண்டாம் பாட்டில் குறைந்திருந்தது என்பது என் எண்ணம்.

இடையில், 2017ஆம் ஆண்டுப் பொங்கலன்று வெளியானது 'சென்னை புறம்போக்குப் பாடல்'. எழுதியவர் இளங்கலைஞர் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம். கிருஷ்ணா. எண்ணூர்க் கழிமுகம் சாம்பலாலும் ஆக்கிரமிப்பாலும் சுருங்கி வருவதை, சென்னைப் பேச்சுத்தமிழில், கர்நாடக ராகமாலிகையாக அமைத்தனர். மேடைக் கச்சேரிக்கு உரியதென்று கருதப்பட்ட இசை, சேற்றில் இறங்கி நின்று பாடியது.

'புறம்போக்கு' என்னும் சொல்லின் கதை கேட்கத்தக்கது. வரி விதிக்கப்படாமல் ஊர்ப் பொதுவாக விடப்பட்ட நிலத்துக்கு உரிய பெயர் அது. குளம், மேய்ச்சல்நிலம், ஆற்றங்கரை எல்லாம் புறம்போக்கு. யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லாருக்கும் சொந்தம். காலப்போக்கில் 'மதிப்பற்றது' என்னும் பொருள் ஏறி, ஆளைத் திட்டும் சொல்லாகிவிட்டது. அப்பாட்டு அச்சொல்லை மீட்டெடுக்க முயன்றது. நிலத்தை இழக்கும்போது சொல்லும் கெடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' வெளிவந்தது. சந்தோஷ் நாராயணன் தயாரித்த அப்பாட்டை உங்களில் கேளாதவர் அரியர். துள்ளல் பாட்டு என்று மட்டும் எண்ணி ஆடியிருப்பீர்கள். அதன் உள்ளே ஒப்பாரியின் சாயல் இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் இந்தியா திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். காட்டைத் திருத்தித் தோட்டமாக்கிய கைகளுக்கு அத்தோட்டத்தில் ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை என்னும் துயரமும், நாயும் பூனையும் பறவையும் மரமும் இந்த மண்ணுக்கு உரியவை என்னும் உரிமைக்குரலும் அப்பாட்டில் கலந்திருக்கின்றன. தீ, ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். இருவருமே இடம்பெயர்ந்தோரின் பிள்ளைகள்.

இங்கே பெட்டிமுடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மூணாறுக்கு அருகே ராஜமலையில், 2020 ஆகஸ்ட் 6 இரவு, விடாது பெய்த பெருமழையில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பை மூடியது. 70 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் தமிழர். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2018 ஆகஸ்டில், இடுக்கி அணைக்காகச் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்ட வெள்ளத்தையும் உங்கள் வீட்டார் சொல்லியிருப்பார்கள். ராஜமலை, தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேயும் இரவிகுளம் தேசியப் பூங்காவை ஒட்டியது. 2025ஆம் ஆண்டு கேரளமும் தமிழ்நாடும் ஒரே நாள்களில் சேர்ந்து கணக்கெடுத்தபோது, இரு மாநிலத்திலும் 2,668 வரையாடுகள் இருப்பதாகத் தெரிந்தது. உலகில் உள்ள காட்டு வரையாடுகள் அவ்வளவே. மலை சரியும்போது தொழிலாளியின் லயத்தையும் வரையாட்டின் பாறையையும் அது வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

பாட்டை மறந்த பறவை

தீ வளர்ந்த ஆஸ்திரேலியாவில் 2021 டிசம்பரில் ஓர் இசைத்தொகுப்பு வெளியானது. அதில் பாடகர் எவரும் இல்லை. அழியும் நிலையிலுள்ள 53 பறவைகளின் குரல்கள் மட்டுமே இருந்தன. டேவிட் ஸ்டூவர்ட் என்பவர் பல்லாண்டுகளாகக் காடுகளில் பதிவு செய்தவை அவை. இசைக்கலைஞர் சிமோன் ஸ்லாட்டரி அக்குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விடியற்காலைக் காட்டைப் போன்ற ஒரு தொடக்க இசையை அமைத்தார். அந்நாட்டில் அதிகம் விற்கும் இசைத்தொகுப்புகளின் பட்டியலில் அது முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. புகழ்பெற்ற பாடகர்களைக் குருவிகள் முந்தின! மறு ஆண்டு தவளைகளின் குரலுக்கும் ஒரு தொகுப்பு வந்தது.

அதே நாட்டில் 'ரீஜென்ட் தேன்சிட்டு' என்னும் பறவை உண்டு. கறுப்பும் மஞ்சளுமாய் அழகியது. சில நூறே எஞ்சியிருக்கின்றன. பாடும் பறவைகளின் குஞ்சுகள் பாட்டோடு பிறப்பதில்லை. மூத்த பறவைகளைக் கேட்டே கற்கின்றன. இப்பறவையில் மூத்தவை அருகிவிட்டதால், இளம் ஆண் பறவைகளுக்குக் கற்றுத்தர எவரும் இல்லை. அவற்றில் நூற்றுக்கு 12 தம் இனத்தின் பாட்டை மறந்து, அருகில் கேட்ட வேற்றினப் பறவைகளின் பாட்டைப் பாடித் திரிவதாக 2021ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தன் பாட்டைப் பாடாத ஆணைப் பெண் பறவை நாடுவது குறைவு. ஆகவே கூண்டில் வளரும் குஞ்சுகளுக்கு, பழைய பதிவுகளை ஒலிக்கச் செய்து அவற்றின் சொந்தப் பாட்டைக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

நம் மலையிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. உயர்ந்த சோலைக்காடுகளில் வாழும் சின்னஞ்சிறு நீலப்பறவை சோலைக்கிளி. கிளி என்று பெயரே தவிர, அது கிளியன்று. நம் சொல்லையே ஆங்கிலமும் ஏற்று அப்பறவையை 'சோலக்கிளி' என்கிறது. ஒரு மலையுச்சிச் சோலையிலிருந்து மறு மலையுச்சிச் சோலைக்கு அது பறந்து செல்வது அரிது. ஒவ்வொரு சோலையும் ஒரு தீவு. மனிதர் காட்டை அழித்ததால் இடைவெளி விழுந்த சோலைகளில் வாழும் பறவைகளின் பாட்டு, ஒன்றிலிருந்து ஒன்று மாறிவிட்டதை வி.வி. ராபினும் அவருடன் ஆய்ந்தோரும் 2011ஆம் ஆண்டு எழுதினர். உடலில் மாற்றம் வர ஊழிகள் வேண்டும். பாட்டு மாறச் சில தலைமுறைகள் போதும்.

வீட்டில் ஆச்சியோ அம்மாயியோ பாடும் தாலாட்டு உங்கள் காதில் விழுந்திருக்கும். ஏலக்காட்டில் வேலைக்கிடையே அம்மா முணுமுணுக்கும் தெம்மாங்கும் விழுந்திருக்கும். பாதிதான் புரிந்திருக்கும். புரியாத பாதியில் ஒரு பறவையின் பெயரோ, இப்போது இல்லாத ஒரு மரத்தின் பெயரோ, கீழே பள்ளத்தாக்கில் வற்றிப்போன ஓர் ஓடையின் பெயரோ இருக்கக்கூடும். அடுத்த முறை அவர்கள் பாடும்போது கைப்பேசியைப் பதிவுக்கு வையுங்கள். புரியாத சொல்லை நிறுத்திக் கேளுங்கள். முதல் மழை பெய்த இரவில் தோட்டத்து ஓடையோரம் பெரியவர் ஒருவரோடு நின்று, மண்ணுக்குள்ளிருந்து ஏதேனும் கூவுகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

பயிற்சி

1. மாவேலித் தவளை என்னும் பெயர் ஏற்பட்டதன் காரணத்தை எழுதுக. உங்கள் ஊர்ப் பகுதியில் அதற்கு வேறு பெயர் வழங்கினால் அதையும் கேட்டு எழுதுக.

2. 'குரங்குக்காக விளக்கை அணைப்பதா?' இக்கேள்வியை வகுப்பில் இரு குழுவாகப் பிரிந்து விவாதிக்க. ஒரு குழு மின்சாரம் இல்லாத மலபார்க் கிராமத்தவராகவும், மற்றொன்று பரிஷத்து இளைஞராகவும் பேசுக.

3. பின்வரும் சொற்களைச் சொந்தத் தொடரில் அமைக்க: மலைமுகடு, கருப்பொருள், புறம்போக்கு, பிளிறல், ஏளனம், இடம்பெயர்தல்.

4. மயில் அகவும், யானை பிளிறும், குயில் கூவும். இவ்வாறு நீங்கள் அறிந்த வேறு ஐந்து உயிர்களின் ஒலிமரபை எழுதுக. மலையாளத்தில் அவற்றை எவ்வாறு சொல்வர்? ஒப்பிடுக.

5. வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்டு, அவர் பாடியவாறே எழுதுக. அதில் வரும் விலங்கு, பறவை, மரம், நீர்நிலை ஆகியவற்றின் பெயர்களை அடிக்கோடிடுக. அவற்றுள் இன்றும் உங்கள் ஊரில் காணக்கூடியவை எவை என்று அவரிடமே கேட்டுக் குறிக்க.

6. நால்வர் கொண்ட குழுவாகச் சேர்க. வீட்டைச் சுற்றிக் கேட்கும் ஒலிகளுள் நான்கினைத் தேர்ந்து (சிள்வண்டு, மழை, ஜீப்பின் ஒலிப்பான், ஏலக்காய் உலர்த்தும் களத்தின் ஓசை போன்றவை) அவற்றைத் தாளமாகவும் சுருதியாகவும் வைத்து, எட்டு அடியில் ஒரு பாட்டு இயற்றிப் பாடுக. பேச்சுத்தமிழிலும் எழுதலாம்.